கில்ட் டிசைனும் துணியும் ஒத்துவரவில்லையா? எங்கே தவறியது என்று கண்டுபிடிக்கும் வழி

கில்ட், அதாவது ஒட்டுத்துணிப் போர்வை தைத்து முடித்ததும் கண்ணில் படுகிற கோளாறுகளில் பாதிக்கு மேல் தாளில் கோடு போட்டபோதும் துணியை எடுத்தபோதுமே உள்ளே வந்துவிட்டவை. இதை நான் நாலைந்து போர்வை தைத்த பிறகுதான் புரிந்துகொண்டேன், அதுவரை மிஷினையும் நூலையும் மாற்றிக்கொண்டே இருந்தேன். அதனால் கீழே உங்கள் போர்வையில் என்ன தெரிகிறதோ அந்த இடத்துக்கு நேரே போய்ப் படியுங்கள். வெட்டுவதற்கு முன் என்ன செய்யலாம், வெட்டிய பிறகு தெரியவந்தால் என்ன வழி என்று முடிந்தவரை இரண்டையும் சொல்கிறேன். அளவுகள் எல்லாம் தையல்கடைக் கணக்கு: ஒரு இன்ச்சுக்கு 8 நூல், கால் இன்ச் என்றால் 2 நூல்.

கிட்டத்தில் அழகாக இருக்கிறது, நாலடி தள்ளி நின்றால் டிசைனே தெரியவில்லை

இதுதான் எல்லோருக்கும் முதலில் வருவது. எனக்கும் வந்தது. அம்மாவின் பழைய காட்டன் சேலைகளில் இருந்து மெரூன், பாட்டில் பச்சை, நேவி நீலம் மூன்றையும் எடுத்து எட்டு முனை நட்சத்திரம் ஒன்று போட்டேன். மேசையில் பார்க்கும்போது மூன்றும் வேறு வேறு நிறம், நன்றாகத்தான் இருந்தது. தைத்துக் கட்டிலில் விரித்து வாசல் பக்கம் நின்று பார்த்தால் நட்சத்திரம் இல்லை, ஒரு இருட்டுப் பரப்புதான் இருந்தது.

காரணம், தூரத்தில் இருந்து பார்க்கும்போது கண் முதலில் வெளிர் எது, அடர்த்தி எது என்றுதான் பிரிக்கிறது. சிவப்பா பச்சையா என்பது அப்புறம்தான். மெரூனும் பாட்டில் பச்சையும் நிறத்தில் எதிரெதிர், ஆனால் அடர்த்தியில் ஏறக்குறைய ஒன்று. அதனால் அவை பக்கத்தில் பக்கத்தில் வந்தால் முனைகள் ஒன்றுக்குள் ஒன்று கரைந்துவிடும்.

சோதிப்பது எளிது. எடுத்துவைத்த துணிகளை எல்லாம் வரிசையாக அடுக்கி, போனில் ஒரு படம் எடுத்து அதைக் கறுப்பு வெள்ளையாக மாற்றுங்கள். எந்த இரண்டு துணி ஒரே சாம்பலாகத் தெரிகிறதோ அவை டிசைனில் ஒட்டி வரக்கூடாது. போன் கையில் இல்லையென்றால் கண்ணை நன்றாகச் சுருக்கிக்கொண்டு பாருங்கள், அதுவும் பாதி வேலையைச் செய்யும். பிறகு துணிகளை வெளிர், நடுத்தரம், அடர்த்தி என்று மூன்று குவியலாகப் பிரியுங்கள். நம் வீட்டுச் சேலைகளையும் கட் பீஸ்களையும் வைத்து இதைச் செய்தால் நடுத்தரமும் அடர்த்தியும் மலைபோல் குவிந்து வெளிர் குவியலில் ஒன்றோ இரண்டோதான் கிடக்கும். அங்கேதான் பழைய வேட்டி, வெளுக்காத காடா துணி, சந்தன நிற லைனிங் துணி எல்லாம் கைகொடுக்கும். நான் இப்போது எந்த டிசைனுக்கும் வெளிர் துணியைத்தான் முதலில் எடுத்துவைக்கிறேன், மற்றவை தானாக அமைந்துவிடுகின்றன.

இந்த விஷயத்தைக் கையால் படிக்க வேண்டுமென்றால் லாக் கேபின் என்கிற அமெரிக்க பிளாக்கை ஒரு தடவை தைத்துப் பாருங்கள். (பிளாக் என்பது துண்டுகளைச் சேர்த்துத் தைத்த ஒரு சதுரம், அப்படிப் பல சேர்ந்துதான் போர்வை.) நடுவில் ஒரு சதுரம், அதில் இருந்து சுற்றிச் சுற்றிப் பட்டைகள், அடுத்தடுத்த இரண்டு பக்கம் வெளிர், மீதி இரண்டு பக்கம் அடர்த்தி, அவ்வளவுதான். பட்டைகளில் எந்த நிறம் இருந்தாலும் பரவாயில்லை, வெளிர் பாதியும் அடர்ந்த பாதியும் பிரிந்து நின்றால் போதும். அதே பிளாக்குகளைத் திருப்பித் திருப்பி அடுக்கினால் சாய்கோடு வரும், வைரம் வரும், மின்னல் மாதிரி மடிப்பு வரும். அடர்த்தி வித்தியாசம் மட்டுமே அத்தனை டிசைனையும் தாங்குகிறது.

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் கீஸ் பெண்ட் என்று ஒரு ஊர் இருக்கிறது. அங்கே கறுப்பினப் பெண்கள் தைத்த போர்வைகள் 2002ல் ஹூஸ்டனிலும் பிறகு நியூயார்க்கிலும் அருங்காட்சியகச் சுவரில் தொங்கின. அதில் மிசௌரி பெட்வே என்பவர் இறந்துபோன தன் கணவரின் வேலை உடுப்புகளை வெட்டி 1942ல் தைத்த ஒரு போர்வையும் உண்டு. அந்த ஊர்ப் போர்வைகள் பலவற்றில் உழைத்து வெளுத்த துணி ஒரு நிறம், பாக்கெட்டுக்கு அடியில் வெயில் படாமல் இருந்த இடம் இன்னொரு நிறம். ஒரே துணிக்குள் இருக்கும் இந்த வெளிர் அடர்த்தியே டிசைனாகிவிடுகிறது. காசு கொடுத்துப் புதுத்துணி வாங்கினால்தான் நல்ல கில்ட் வரும் என்று யாராவது சொன்னால் எனக்கு நினைவுக்கு வருவது அந்தப் போர்வைகள்தான்.

வெட்டிய பிறகு கோளாறு தெரிந்தால் துணியைத் திருப்பிப் பாருங்கள். பிரிண்ட் துணியின் பின்பக்கம் முன்பக்கத்தைவிட ஒரு படி வெளிர். நட்சத்திரத்துக்கு முன்பக்கம், பின்னணிக்கு அதே துணியின் பின்பக்கம் என்று வைத்து நான் ஒரு மேசைவிரிப்பைக் காப்பாற்றியிருக்கிறேன். கைத்தறிச் சேலையில் இது உதவாது, இரண்டு பக்கமும் ஒன்றாகவே இருக்கும். தைத்தே முடித்துவிட்டால், முனைகளைச் சுற்றி வெளிர் நூலில் கைத்தையல் ஓட்டி வடிவத்தை எடுத்துக்காட்டலாம். முழுசாகச் சரியாகாது, ஆனால் முன்பைவிடத் தெரியும்.

ஒரு நிறம் மட்டும் துருத்திக்கொண்டு நிற்கிறது

பெரும்பாலும் அது மஞ்சள், இல்லையென்றால் பளீர் வெள்ளை. மஞ்சள் இருக்கிற அளவைவிடப் பெரிதாகத் தெரியும். அதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். போர்வையில் ஒரே இடத்தில் இருப்பதால்தான் கண் அங்கேயே போய் மாட்டிக்கொள்கிறது. அதே மஞ்சளைச் சின்னச் சின்னதாக மூன்று நான்கு இடத்தில், முக்கோணமாக நிற்கும்படி வைத்தால் பார்வை ஒன்றில் இருந்து இன்னொன்றுக்குப் போய்க்கொண்டே இருக்கும். வெள்ளை துருத்தினால் அதற்குப் பதில் காடா துணியின் மங்கல் வெள்ளையை வையுங்கள், நம் கைத்தறி நிறங்களோடு அதுதான் ஒட்டும்.

இதற்கு எதிர்க்கோளாறும் உண்டு. எல்லாம் ஒன்றோடொன்று பொருந்துகிறது, ஆனால் போர்வை தூங்கி வழிகிறது. அப்போது கறுப்பைக் கொஞ்சம் சேர்த்துப் பாருங்கள். அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் லங்காஸ்டர் பகுதியில் எளிய வாழ்க்கை வாழும் ஆமிஷ் என்ற கிறிஸ்தவச் சமூகத்தாரின் பழைய போர்வைகளில் பிரிண்ட் துணி கிடையாது, எல்லாம் ஒற்றை நிறத் துணிகள். ஆமிஷ் போர்வைகள் பலவற்றில் கறுப்பும் கறுப்பை ஒட்டிய நிறங்களும் பக்கத்தில் வந்து மற்ற நிறங்களை விளக்கு ஏற்றிவைத்த மாதிரி காட்டும். நம் ஊரில் பொங்கலுக்கோ கல்யாணத்துக்கோ கொடுக்கிற போர்வையில் கறுப்பு வேண்டாம் என்று பெரியவர்கள் சொன்னால் நல்ல அடர்ந்த அரக்கு, கத்தரிப்பூ நிறம் இரண்டும் அந்த வேலையைச் செய்யும்.

கடையில் பார்த்த பூவை வெட்டியதும் காணோம்

கலம்காரித் துணியில் ஒரு மயில் 8 இன்ச் இருக்கும். அதை இரண்டரை இன்ச் சதுரமாக வெட்டினால் ஒன்றில் வால், ஒன்றில் கால், மீதி எல்லாம் பழுப்புத் திட்டு. வாங்குவதற்கு முன் ஒரு தடித்த அட்டையில் உங்கள் சதுரத்தின் அளவுக்கு ஜன்னல் வெட்டி வைத்துக்கொள்ளுங்கள். கடையில் துணிமேல் அந்த ஜன்னலை வைத்து நாலு இடம் நகர்த்திப் பாருங்கள். நாலு இடத்திலும் ஒரே துணி மாதிரி தெரிந்தால் அது சின்னத் துண்டுக்கு ஆகும், நாலும் நாலு துணி மாதிரி தெரிந்தால் பார்டருக்கோ நடுவில் பெரிய சதுரத்துக்கோ வையுங்கள். பூ நட்டநடுவில் வருகிற மாதிரி ஒவ்வொன்றாக வெட்டலாம், அழகாகத்தான் இருக்கும், ஆனால் துணி சில சமயம் இரண்டு மடங்கு போகும், மீதம் சல்லடை மாதிரி ஆகிவிடும்.

எல்லாத் துணியிலும் பூ இருந்தால் கண் ஓய முடியாது. பெரிய பூ ஒன்று, பொடி டிசைன் ஒன்றிரண்டு, அப்புறம் வெறும் துணி. மதுரைச் சுங்குடியின் புள்ளிகள் தூரத்தில் வெறும் துணி மாதிரியும் கிட்டத்தில் டிசைனாகவும் தெரிவதால் இரண்டுக்கும் நடுவே பாலமாக வைக்க அதைப்போல் ஒன்று எனக்குக் கிடைத்ததில்லை. சாயம் பற்றிக் கீழே சொல்லியிருப்பதைப் படித்துவிட்டு எடுங்கள்.

கட்டம் போட்ட துணி எப்படி வைத்தாலும் கோணலாகத் தெரிகிறது

லுங்கி, துண்டு, கட்டம் போட்ட கைத்தறி எல்லாவற்றிலும் இது வரும். கட்டம் சதுரம் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். அளந்து பாருங்கள், பாவு (நீளவாக்கு இழை) பக்கம் ஒரு அளவும் ஊடை (குறுக்கு இழை) பக்கம் ஒரு நூல் கூடவோ குறையவோ இருக்கும். ஆகவே ஒரு துண்டை நேராகவும் பக்கத்துத் துண்டைத் திருப்பியும் வைத்தால் கோடு ஒருநாளும் சேராது. ஒன்று, எல்லாத் துண்டிலும் பாவு ஒரே திசையில் வரும்படி வெட்டுங்கள், வெட்டிய கையோடு பின்பக்கம் சாக்பீஸால் ஒரு அம்புக்குறி போடுங்கள். இல்லையென்றால் சேர வேண்டும் என்ற எண்ணத்தையே விட்டுவிட்டுத் துணிந்து கண்டபடி திருப்புங்கள். நடுவில் நிற்பதுதான் தப்பு, ஏறக்குறைய சேருகிற கோடு எப்போதும் பிழையாகத்தான் தெரியும்.

முனைகள் சேரவில்லை, ஒரு பிளாக் இன்னொன்றைவிடச் சின்னதாக வருகிறது

பலரும் இங்கேதான் தையலைக் குறை சொல்வார்கள். முதலில் தாளைப் பாருங்கள்.

தைத்த பிறகு 4 இன்ச் தெரிய வேண்டிய சதுரத்தை நாலரை இன்ச்சாக வெட்ட வேண்டும், ஒவ்வொரு பக்கமும் 2 நூல் உள்ளே போகும். ஜாக்கெட், சுடிதார் தைத்துப் பழகிய கைக்கு இது ரொம்பக் கம்மியாகத் தோன்றும். நாம் பிரித்துப் பெரிதாக்கிக்கொள்ள உள்ளே தாராளமாக விட்டுத் தைத்தே பழகியவர்கள். இங்கே அப்படி விட்டால் மடிப்புகள் தடித்து மூலைகள் கட்டிப்பட்டுவிடும்.

இப்போது கணக்கு. ஒவ்வொரு துண்டிலும் அரை நூல் கூடுதலாகப் பிடித்தீர்கள் என்றால் ஒரு தையலுக்கு இரண்டு துண்டும் சேர்ந்து ஒரு நூல் குறையும். குறுக்கே 20 சதுரம் இருந்தால் 19 தையல், ஆக 19 நூல், 2 இன்ச்சுக்கு மேல் போர்வை சுருங்கிவிட்டது. அதுகூடப் பரவாயில்லை, எல்லாம் ஒரே மாதிரி சுருங்கினால் முனை சேர்ந்துவிடும். வெவ்வேறு எண்ணிக்கையில் தையல் உள்ள பிளாக்குகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைக்கும்போதுதான் உண்மையான தொந்தரவு. ஒன்பது சதுர பிளாக்கில் குறுக்கே 2 தையல், அதன் பக்கத்தில் வெறும் துணிச் சதுரத்தில் ஒரு தையலும் கிடையாது, ஆகவே ஒன்பது சதுரம் 2 நூல் சிறியதாக நிற்கும். பக்கத்தில் நாலு கட்ட நட்சத்திரம் இருந்தால் அதில் 3 தையல், அது இன்னும் சிறியது. டிசைன் போடும்போதே தாளில் ஒவ்வொரு பிளாக்குக்கும் குறுக்கே எத்தனை தையல் என்று ஓரத்தில் எழுதிவையுங்கள். வித்தியாசம் அதிகமாக இருக்கிற இடங்களில் இரண்டு பிளாக்குக்கும் நடுவே ஒன்றரை இன்ச் பட்டை ஒன்றை விட்டால் முனைகள் நேருக்கு நேர் சந்திக்க வேண்டிய கட்டாயமே இல்லாமல் போகும். புதிதாகத் தைப்பவர்களுக்கு நான் சொல்வது அதைத்தான்.

உங்கள் மிஷின் சரியாகப் பிடிக்கிறதா என்று பார்க்க 2 இன்ச் அகலத்தில் மூன்று பட்டை வெட்டி நீளவாக்கில் சேர்த்துத் தைத்து இஸ்திரி போடுங்கள். மொத்தம் 5 இன்ச், நடுப்பட்டை சரியாக ஒன்றரை இன்ச் இருக்க வேண்டும். குறைந்தால் பிடிப்பு அதிகம். ஃபுட்டின் ஓரம்தான் கால் இன்ச் என்று நம்பாதீர்கள், ஊசியில் இருந்து ஸ்கேலால் அளந்து மிஷின் மேடையில் ஒரு டேப்பைத் தடிப்பாக ஒட்டிவிட்டு, துணி ஓரத்தை அதில் உரசி ஓட்டுங்கள்.

முக்கோணம் இழுபடுகிறது, போர்வை ஓரம் அலை அலையாக நிற்கிறது

துணியைக் கையில் பிடித்து நேராக இழுங்கள், நீளாது. கிராஸாக, அதாவது மூலைவாக்கில் இழுங்கள், நீளும். முக்கோணத்தில் ஏதாவது ஒரு பக்கம் கிராஸாகத்தான் இருக்கும். அந்தப் பக்கம் உள்ளே தையலில் போய் மறைகிறதா, வெளி ஓரத்தில் வருகிறதா என்பதை டிசைன் தாளிலேயே பார்த்துவிட வேண்டும்.

இரண்டு முக்கோணம் சேர்ந்த சதுரம் என்றால் முக்கோணமாக வெட்டாதீர்கள். முடிவில் வேண்டிய அளவோடு 7 நூல் கூட்டி இரண்டு சதுரம் வெட்டி, ஒன்றின் மேல் ஒன்று வைத்து, மூலைக்கு மூலை கோடு போட்டு, கோட்டுக்கு இருபுறமும் கால் இன்ச் தள்ளித் தைத்து, பிறகு கோட்டில் வெட்டுங்கள், இரண்டு கிடைக்கும். நான் 7 நூலுக்குப் பதில் முழு இன்ச் கூட்டி வெட்டித் தைத்த பிறகு அளவுக்கு நறுக்கிவிடுகிறேன். துணி கொஞ்சம் வீண்தான், மனசு நிம்மதி.

பிளாக்குகளை வைரமாகத் திருப்பி அடுக்கும் டிசைனில் ஓரத்தை நிரப்பும் முக்கோணங்கள்தான் பெரும்பாலும் குற்றவாளி. அவற்றின் நீளப் பக்கம் போர்வையின் ஓரத்தில் வருவதால் அது நேர் இழையில் இருந்தே ஆக வேண்டும். 12 இன்ச் பிளாக் என்றால் மூலைவிட்டம் ஏறக்குறைய 17 இன்ச். ஓரத்து முக்கோணங்களுக்கு 18 இன்ச் 2 நூல் சதுரம் வெட்டி, இரண்டு மூலைவிட்டத்திலும் வெட்டினால் நாலு கிடைக்கும். நாலு மூலைக்கு 9 இன்ச் 3 நூல் சதுரம் இரண்டு, ஒவ்வொன்றையும் ஒரே ஒரு மூலைவிட்டத்தில் வெட்ட வேண்டும். இரண்டையும் மாற்றி வெட்டிவிட்டால் கிராஸ் பக்கம் ஓரத்துக்கு வந்துவிடும், அந்த ஓரம் அப்புறம் படுக்கவே படுக்காது.

வெட்டி முடித்துவிட்டீர்களா? கஞ்சி போட்டு இஸ்திரி செய்யுங்கள், பெட்டியைத் தேய்க்காமல் தூக்கித் தூக்கி வைத்து அழுத்துங்கள். பார்டர் அலை அடித்தால், அதை ஓரத்தில் வைத்துத் தைத்துக்கொண்டே போய் மீதியை வெட்டியிருப்பீர்கள். போர்வையின் நடுவில் அளந்து, அந்த அளவுக்கு பார்டரை முதலில் வெட்டி, இரண்டு முனையையும் நடுவையும் குண்டூசி குத்திவிட்டுத் தையுங்கள்.

துணி பாதியில் தீர்ந்துபோனது

மீட்டர் கணக்கு அகலத்தைப் பொறுத்தது. நாலரை இன்ச் சதுரம் 80 வேண்டும் என்று வையுங்கள். 44 இன்ச் அகலத் துணியில் கரை போக ஒரு வரிசைக்கு 9 சதுரம், ஆக 9 வரிசை, 40½ இன்ச், ஒரு மீட்டருக்குக் கொஞ்சம் மேலே. 36 இன்ச் அகலத் துணியில் வரிசைக்கு 7தான், 12 வரிசை, 54 இன்ச், ஏறக்குறைய 1.4 மீட்டர் ஆகிவிடும். இரண்டிலும் கால் மீட்டர் சேர்த்து வாங்குங்கள்.

தீர்ந்தே போய்விட்டதென்றால் அதே துணியைத் தேடி அலையாதீர்கள், அடுத்த லாட்டில் சாயம் மாறித்தான் இருக்கும். ஏறக்குறைய அதே அடர்த்தியில் வேறு இரண்டு துணியை எடுத்து, தீர்ந்த மூலையில் மட்டும் வைக்காமல் ஏற்கெனவே அடுக்கியதில் சிலவற்றைப் பிரித்து எல்லாப் பக்கமும் கலந்துவிடுங்கள்.

முதல் சலவையில் வெள்ளைத் துண்டெல்லாம் ரோஸ் ஆகிவிட்டது

இதில் எனக்கு நிஜமான வருத்தம் உண்டு. அத்தைக்காக மூன்று மாதம் கையால் தைத்த போர்வையில் ஒரு சிவப்புச் சுங்குடி இருந்தது, கடையில் சாயம் போகாது என்று சொன்னதை நம்பி அலசாமல் வெட்டிவிட்டேன். அதன் பிறகு வெட்டுவதற்கு முன் ஒவ்வொரு துணியையும் நனைக்காமல் விடுவதில்லை.

ஈரமான வெள்ளைத் துணியை மேலே வைத்து சூடான இஸ்திரிப் பெட்டியால் அழுத்துங்கள், கறை ஏறினால் அந்தத் துணியைத் தண்ணீர் தெளியும்வரை தனியாக அலச வேண்டும். நாலைந்து அலசலுக்குப் பிறகும் ஓடினால் வெளிர் துணியோடு சேர்க்காதீர்கள். உப்புத் தண்ணீரில் ஊறவைப்பது நம் வீடுகளில் வழக்கம்தான், ஆனால் ஒட்டாமல் நிற்கிற சாயத்தை உப்பு நிரந்தரமாகப் பிடித்துவைக்காது. ஏற்கெனவே ஏறிவிட்டதா? காயவிடாதீர்கள், காய்ந்தால் பிடித்துக்கொள்ளும். பெரிய அண்டாவில் நிறைய சுடுதண்ணீரும் சலவைத்திரவமும் விட்டுப் போர்வை முழுக்க மூழ்கும்படி ஊறப்போட்டு, தண்ணீரை மாற்றி மாற்றி ஊறவையுங்கள்.

சுருக்கமும் இதோடு சேர்ந்ததுதான். 10 இன்ச் சதுரம் ஒன்று வெட்டி, நனைத்துக் காயவைத்து, இரண்டு பக்கமும் அளந்து பாருங்கள். பாவு பக்கமும் ஊடை பக்கமும் ஒரே அளவு சுருங்காது என்பது அப்போது கண்ணுக்குத் தெரியும்.

சில இடம் மொடமொடவென்று, சில இடம் தொளதொளவென்று

காரைக்குடிக் கண்டாங்கியையும் மல் துணியையும் பக்கத்தில் தைத்தால் தடித்தது மெல்லியதை இழுக்கும். இரண்டும் வேண்டுமென்றால் மெல்லியதற்கு அடியில் ஒரு லைனிங் கொடுத்து ஒரே துணியாக பாவித்து வெட்டுங்கள். பழைய சேலை என்றால் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள், மடிப்பிலும் கால் பக்கத்திலும் இழை தேய்ந்திருக்கும், முந்தானையும் இடுப்புக்கு உள்ளே போகும் பகுதியும்தான் பலமாக இருக்கும். இரண்டு கையால் பிடித்துச் சுண்டி இழுத்தால் கிழிகிற துணியை, எவ்வளவு பாசமான சேலையாக இருந்தாலும், போர்வையில் வைக்காதீர்கள், சட்டம் போட்டு மாட்டுங்கள். பட்டும் அப்படித்தான். சலவைக்குப் போகும் போர்வையில் அது பருத்தியோடு ஒத்துப்போவதில்லை.

தைத்து முடித்ததும் யாரும் போர்த்திக்கொள்ளவில்லை

உள்ளே வைத்தது நம் வெயிலுக்கு ஆகாது என்று அர்த்தம். தடித்த பாலியஸ்டர் பஞ்சு ஷீட் சென்னையிலோ திருச்சியிலோ யாருக்கும் வேண்டாம். இலவம் பஞ்சை வைத்தால் அது நழுவி ஒரு மூலைக்குப் போய்விடும், அது தலையணைக்கு உரியது. நடுவில் ஒரு பழைய காட்டன் சேலையை மடித்து இரண்டு அடுக்காக வைத்துப் பாருங்கள். கர்நாடகத்தின் வடகன்னடத்தில் ஆப்பிரிக்க வம்சாவளியினரான சித்தி இனப் பெண்கள் தைக்கும் கவந்தி என்ற ஒட்டுத்துணிப் போர்வையில் தனியாகப் பஞ்சே கிடையாது, அடித்துணியின் ஓரத்தில் தொடங்கி, துண்டுகளை மேலே வைத்து, நடுவை நோக்கிச் சுற்றிச் சுற்றி ஓட்டுத்தையலாலேயே முடிப்பார்கள். டிசைனை முன்னதாகத் தாளில் போடாமல் கையில் இருக்கிற துண்டைப் பார்த்துப் பார்த்தே அது வளர்கிறது. மேலே சொன்ன நூல் கணக்கு எதுவும் அதற்குத் தேவைப்படுவதில்லை. அளவெடுத்துத் தைத்துச் சலித்துப்போன ஒரு மாதத்தில் குழந்தைக்கு ஒரு சின்னப் போர்வையை அந்த முறையில் தைத்தேன், என் வீட்டில் தினமும் துவைத்துத் தினமும் போர்த்திக்கொள்வது அது ஒன்றுதான்.